19 வயதில் நட்சத்திரப் பிறந்தநாளும் தேதிப் பிறந்தநாளும் ஒரே நாளில் வருவது ஏன்?

மகளுக்கு 19 வயது முடியும்போது இரண்டும் ஒன்றாக வந்ததே, அது தற்செயலா என்று ஒருவர் கேட்டார். இல்லை, அது நிலாவின் கணக்கு.

நிலா 27 நட்சத்திரங்களையும் கடந்து வர சுமார் 27.32 நாள் ஆகும். அப்படி 254 சுற்றுக்கு 6,939.7 நாள். 19 ஆண்டு என்பதும் லீப் வருடங்களைப் பொறுத்து 6,939 அல்லது 6,940 நாள்தான்! அதனால் 19, 38, 57, 76 வயதுகளில் தேதியும் நட்சத்திரமும் சேரும். திதியும் ஏறக்குறைய அதேதான். 1947 ஆகஸ்ட் 15 பூசம், மறுநாள் அமாவாசை. 76 ஆண்டு கழித்து 2023 ஆகஸ்ட் 15 காலையிலும் பூசம், மறுநாள் ஆடி அமாவாசை.

இன்னும் அழகானது: பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே தேதி, இடைவெளி 57 வயது என்றால் நட்சத்திரமும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் எல்லோருடைய பிறந்த தேதியையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஒரு நாள் தள்ளிப்போனால் கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். தேதியைப் போல நட்சத்திரம் சரியாக நள்ளிரவில் மாறுவதில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். ஆகவே பஞ்சாங்கத்தில் நட்சத்திரப் பெயரோடு நிற்காமல், அது முடியும் நேரத்தைப் பிறந்த நேரத்துடன் ஒப்பிடுங்கள். தமிழ் மாதத்தின் முதல் இரண்டு நாளில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரம் முந்தைய மாதக் கடைசிக்கே நழுவிவிடலாம். அப்போது பிறந்த தமிழ் மாதத்துக்குள் அந்த நட்சத்திரம் மீண்டும் வரும்வரை, வீட்டில் கொண்டாடும் நாள் நான்கு வாரம் தள்ளிப்போகும்.