சின்னப் பிள்ளைகளும் வீட்டு வேலையும்: மழலையர் ஆசிரியை பதில்கள்

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பெருக்க ஆரம்பித்தால் துடைப்பத்தைப் பிடுங்குகிறாள், மடித்த துணியைக் கலைக்கிறாள். டிவி போட்டு உட்கார வைத்தால்தான் எனக்கு வேலை ஓடுகிறது. (சேலத்திலிருந்து ஓர் அம்மா)

அது குறும்பு இல்லைங்க. தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். வார்னகன், டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் 18 மாதக் குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. துணி காயப்போடுகிறவர் கையிலிருந்து கிளிப் விழும், அவருக்கு எட்டாது. எடுத்துத் தா என்று யாரும் கேட்பதில்லை. தவழ்ந்தோ நடந்தோ போய் எடுத்துக் கொடுத்த குழந்தைகள் ஏராளம். அந்த ஆசைதான் உங்கள் மகளிடமும் தெரிகிறது. இந்த வயதில் "போ, போய் விளையாடு" என்று விரட்டிவிட்டு, ஏழு வயதில் கூப்பிட்டால் எப்படி வருவாள்?

பழைய பூந்துடைப்பத்தின் பிடியைக் குட்டையாக வெட்டிக் கொடுங்கள். கைக்குட்டையும் துண்டும் அவள் பங்கு. பெருக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவசரமான காலை வேளையை விட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு வேலையிலாவது அவளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு வேலை கொடுத்து அனுப்பாதீர்கள். இந்த வயதில் உங்கள் பக்கத்தில் நின்று செய்வதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

மூன்று, நான்கு வயதில் சமையலறைக்குள் விடலாமா?

உட்கார்ந்து செய்கிற வேலைக்குத் தாராளமாக விடலாம். முருங்கைக்கீரை உருவுவது, பூண்டுப் பல் உதிர்ப்பது, கொத்தமல்லி ஆய்வது எல்லாம் விரல்களுக்கு நல்ல பயிற்சி. பட்டாணியோ வேர்க்கடலையோ உரிக்கும்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள்; வாயில் போட்டால் புரையேறிவிடும். கஞ்சி வடிக்கும்போதும் குக்கர் இறக்கும்போதும் பிள்ளை அடுப்படியில் இருக்கவே கூடாது. அரிவாள்மனையும் பாத்ரூம் ஆசிடும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். துணி அலசிய வாளியை உடனே கவிழ்த்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது.

ஆம்பளப் பிள்ளை துடைப்பம் தொடக்கூடாது என்கிறார் மாமியார்.

அவரோடு வாதாட வேண்டாம். "ஆச்சிக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுடா, பூ பறிச்சுக் குடுடா" என்று அவருக்கே பேரனை உதவியாக அனுப்புங்கள். ஆனால் சாப்பிட்ட தட்டை அவனே எடுத்து வைக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் அப்பாவும் தட்டை எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வேலைக்கு ஐந்து ரூபாய் என்று பேசிவிட்டால் சுலபமாக இருக்குமே?

வேண்டாம். அதே இரு ஆய்வாளர்களும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இது: உதவிக்குப் பொருள் பரிசாக வாங்கிப் பழகியவர்கள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். "நீ கீரை ஆஞ்சதாலதான் குழம்பு சீக்கிரம் ஆச்சு" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

அவள் மடித்ததை நான் திரும்ப மடிக்கலாமா?

அவள் கண்ணெதிரே வேண்டாம்; முடிந்தால் மடிக்கவே வேண்டாம். கோணலாக மடித்த துண்டு அலமாரியில் அப்படியே இருக்கட்டும். அடுத்த முறை நீங்கள் ஒன்றை மெதுவாக, பேசாமல் மடித்துக் காட்டுங்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த முறை இது. தண்ணீர் ஊற்றவும் விளையாட்டுச் சாமான் வேண்டாம், கைக்கு அடங்குகிற நிஜச் சொம்பே கொடுங்கள். சிந்தினால் துடைக்க ஒரு துணியையும் பக்கத்தில் வையுங்கள்.