‘டிஸ்குவாலிஃபை’ என்று வந்துவிட்டதா? எந்தக் கட்டத்தில் என்று முதலில் பாருங்கள்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு முடிவு வந்ததும் ‘பிள்ளையை டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க’ என்று வீட்டில் பதற்றம் தொடங்கிவிடும். இத்தேர்வை நடத்தும் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடைமுறையில் இதற்குள் மூன்று நிலைகள் உண்டு: குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காதது, விண்ணப்பமோ விடைத்தாளோ செல்லாமல் போவது, தேர்வெழுதத் தடை. முதல் இரண்டும் அந்த ஒரு தேர்வோடு முடிந்துவிடும். அடுத்த அறிவிக்கைக்கு விண்ணப்பிக்கலாம்.

மதிப்பெண் விஷயத்தில் பலர் சறுக்குவது தமிழில். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மதிப்பெண். இதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் கட்டாயம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் 40 கேள்வியாவது சரியாக இருக்க வேண்டும். 39 சரி என்றால் 58.5தான், பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளை கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இங்கே கைகொடுக்காது. பள்ளித் தமிழ்ப் புத்தகத்தைத் தினமும் ஒரு மணி நேரம் படிக்கட்டும்.

இரண்டாவது வகையில் மதிப்பெண் இருந்தும் இடம் போகும். அது இன்னும் வயிற்றெரிச்சல். விடைத்தாளில் கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா மட்டுமே. விடை தெரியாத கேள்வியை வெற்றாக விடாமல் அதற்கென உள்ள ‘E’ வட்டத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் A முதல் E வரை ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி எழுதவும் வேண்டும். அதற்கான நேரத்தைக் கேள்விகளுக்குச் செலவழித்துவிடக் கூடாது. சான்றிதழில், திருமணமான பெண்ணின் சாதிச் சான்று கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். தந்தை பெயரில்தான் வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான சலுகை கேட்பவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படிப் படித்ததற்கான சான்று வாங்கி வைக்க வேண்டும். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் அதிகம்; விண்ணப்பிக்கும்போதே தேடத் தொடங்குங்கள். விண்ணப்பத்தில் தவறு தெரிந்தால், கடைசி நாளுக்குப் பிறகு திறக்கும் சில நாள் திருத்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

தடை என்பது முறைகேட்டுக்கும் உண்மையை மறைப்பதற்கும் வரும். 2019இல் நடந்த குரூப் 4 தேர்வில், மறையும் மையால் விடை குறித்த மோசடி வெளிப்பட்டதும், 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ‘ஏற்பாடு’ செய்கிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். குற்ற வழக்கு ஏதும் இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், வழக்கு சின்னதாக இருந்தாலும் மறைத்த குற்றத்துக்காகவே வேலைக்குத் தேர்வானது ரத்தாகும்.