வக்கீல் வைக்க வசதியில்லை என்றால்: கேள்வி பதில்

கீழமை நீதிமன்றங்களில் சட்ட உதவி வழக்குகள் நடத்தி வருகிறேன். கைது, ரிமாண்ட் (கோர்ட் உத்தரவின்படி காவலில் வைப்பது), இலவச வக்கீல் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மகனை நேத்து ராத்திரி திருட்டு கேஸுன்னு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்ல. எங்க போறது? (விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மகனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே "எனக்கு வக்கீல் இல்லை, அரசு செலவில் வேண்டும்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னாலே போதும். மனு எழுதத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் இப்போதே கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். 15100 எண்ணுக்கும் கட்டணமில்லாமல் பேசலாம். எந்த ஸ்டேஷன், எப்போது கூட்டிப் போனார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சொந்தமா ஓட்டு வீடும் அரை ஏக்கர் நிலமும் இருக்கு சார். தம்பி உள்ள இருக்கான். தகுதி இல்லைன்னு தள்ளிடுவாங்களா?

மாட்டார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வரம்பு இல்லை.

அண்ணன் வக்கீலே கேக்கல. தண்டனையும் கொடுத்துட்டாங்க. கேக்காதது எங்க தப்புதானே?

இல்லவே இல்லை. பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீசாரே குருடாக்கிய வழக்கில் இதே கேள்வி எழுந்தது. அவர்கள் கேட்கவில்லை, அதனால் வக்கீல் தரவில்லை என்றது அரசு. உரிமை இருப்பதே தெரியாத ஏழை எப்படிக் கேட்பான்? எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை, முதல் ரிமாண்டிலிருந்தே வக்கீல் தர வேண்டும், நிதி இல்லை என்ற சாக்கும் செல்லாது என்று 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். 1986-இல் அருணாசலப் பிரதேசத்து சுக்தாஸ் வழக்கில், வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையின் தண்டனையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவரும் வக்கீல் கேட்டிருக்கவில்லை.

அதனால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் இலவச வக்கீல் உண்டு, தீர்ப்பு நகலும் இலவசம். தண்டித்தது மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் 30 நாள்தான் கெடு. தாண்டியிருந்தால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் வேண்டும் என்று அண்ணனைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் இன்றே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இலவச வக்கீல் வாய்தாவுக்கு வர்றதே இல்ல. வந்தாலும் பேப்பரைப் படிக்கிறதில்ல. மாத்த முடியுமா?

முடியும். வராத தேதிகளைக் குறிப்பிட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். அவர் ஒரு நீதிபதி. அந்த வக்கீல் பணம் கேட்டால் அதையும் எழுதுங்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கிடைக்கும் கட்டணம் குறைவுதான். ஆனால் அதற்காக உள்ளே இருப்பவன் ஏன் பலியாக வேண்டும்? மத்தியப் பிரதேசத்தில் அனோக்கிலால் என்பவருக்கு வக்கீல் நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, அவசர அவசரமாக விசாரித்து, மரண தண்டனை விதித்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றும் சொன்னது.

எங்க ஊர் வக்கீல் சங்கத்துல இந்தக் கேஸுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு தீர்மானமே போட்டுட்டாங்க.

செல்லாது. கோவையில் போட்ட அப்படியொரு தீர்மானம் பற்றிய வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜாமீன் கிடைச்சு நாற்பது நாளாச்சு. ஜாமீன்தாரரா இரண்டு பேர் கையெழுத்துப் போடணும்னு கேக்குறாங்க, எங்களுக்கு யாரும் இல்ல.

ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக் காலை ஜாமீன் உத்தரவு நகலோடு சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போய், நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடச் சொல்லுங்கள்.