விசாரணைக் காணொளியை வெட்டி வெளியிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்பு வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. உள்ளூர்ச் செய்திகளுக்காக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். விசாரணையை இணையத்தில் பார்க்க முடியுமா? நீதிபதி பேசும் பகுதியை வெட்டிப் போடலாமா? உத்தரவு நகல் எப்படிக் கிடைக்கும்?

பதில்: விசாரணையைப் பார்க்கலாம், கேட்டதை உங்கள் சொற்களில் சொல்லலாம். காணொளியை மட்டும் வெட்டிப் போடாதீர்கள்.

நேரலை என்பது பொதுமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. அங்கு அரசியல் சாசன அமர்வு (குறைந்தது ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு) விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாகின்றன. ஆனால் எல்லா நீதிமன்றங்களிலும், எல்லா அமர்வுகளிலும் இந்த வசதி இல்லை. வழக்கறிஞர்கள் ஆஜராகும் காணொளி இணைப்பு வேறு, நேரலை வேறு. அந்த இணைப்பில் நுழைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அது அனுமதியற்ற பதிவுதான். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் மின்குழு (நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கமிட்டி) வெளியிட்ட மாதிரி விதிகளும் அனுமதியின்றிப் பதிவு செய்வதையும் பகிர்வதையும் தடுக்கின்றன. உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்வதால், உங்கள் நீதிமன்றத்தின் விதியையும் படித்துவிடுங்கள். நேரலை இல்லையென்றால் நேரில் போய் உட்காரலாம், அது திறந்த நீதிமன்றம். கைபேசியை அணைத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கைப் பின்தொடர, வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் அரசுத் தளமோ செயலியோ போதும். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இடைவெளியும் கோடும் இல்லாமல் இடுங்கள். எண் தெரியாவிட்டால் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கொண்டு தேடலாம். விசாரணைக்கு முந்தைய மாலை வழக்குப் பட்டியலைப் பாருங்கள், பின்னர் சேர்க்கப்படும் வழக்குகளுக்கான துணைப் பட்டியலையும் சேர்த்து. அதைத் தவறவிட்டு 'வழக்கு வரவில்லை' என்று நினைப்பவர்கள் ஏராளம்.

செய்தியில் பிழை வருவது பெரும்பாலும் சொற்களில்தான். 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்றால் வாதங்கள் முடிந்துவிட்டன, தீர்ப்பு மட்டும் பாக்கி. 'வழக்கு ஒத்திவைப்பு' என்றால் விசாரணை இன்னொரு நாளுக்குப் போகிறது. இரண்டையும் குழப்பினால் ஊரே தவறாகப் புரிந்துகொள்ளும். 'தள்ளுபடி' என்பதிலும் கவனம் வேண்டும்: மனுதாரரே திரும்பப் பெற்றதால் தள்ளுபடியானால், நீதிமன்றம் அவர் வாதத்தை நிராகரித்துவிட்டதாகப் பொருளில்லை. நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டதும் குற்றத்தை உறுதிசெய்வதாகாது.

நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது தீர்ப்பாகாது. தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகக் கடுமையாக விமர்சித்தது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் இதைத் தெளிவாக்கியது. அத்தகைய கருத்துகளை ஊடகங்கள் வெளியிடத் தடை விதிக்கவும் அது மறுத்துவிட்டது. எனவே 'விசாரணையின்போது நீதிபதி கூறினார்' என்று எழுதுங்கள், 'உத்தரவிட்டார்' என்று எழுதாதீர்கள். எழுத்துவழி உத்தரவு தளத்தில் ஏறியதும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நியாயமான, துல்லியமான செய்தி அவமதிப்பாகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பாதுகாக்கிறது. அந்தத் துல்லியம்தான் உங்கள் கவசம்.

ஏரி வழக்கில் இந்தச் சிக்கல் வராது, ஆனால் சேனல் நடத்துபவர் தெரிந்திருக்க வேண்டியது: பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 72இன்படி 2 ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்துவிட்டுத் தெரு, பள்ளி, உறவினர் பெயரைச் சொல்வதும் அடையாளம் காட்டுவதுதான். போக்சோ வழக்கிலும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது.

நகலைப் பொறுத்தவரை, செய்திக்குத் தளத்தில் ஏற்றப்படும் உத்தரவே போதும். வேறிடத்தில் தாக்கல் செய்யச் சான்றிட்ட நகல் வேண்டும். நீங்கள் வழக்கில் தரப்பினர் அல்ல என்பதால், காரணத்தை விளக்கும் பிரமாணப் பத்திரத்துடன் உயர் நீதிமன்ற விதிப்படி மனு செய்ய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். வழக்கு ஆவணங்களுக்கு நீதிமன்ற விதிகளின் வழியேதான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது.