வலிப்பு நின்ற பிறகும் இஇஜி எதற்கு?

கேள்வி: பிறந்த இரண்டாம் நாளே என் மகனுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கோவைக்குக் கொண்டுபோனோம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் என்றார்கள். மருந்து கொடுத்ததும் இழுப்பு நின்றுவிட்டது. அதன் பிறகும் தலையில் ஒயர்களை ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிஞ்சுத் தலைக்குக் கரண்ட் வைத்துவிட்டார்களே என்று மாமியார் இன்றும் வருந்துகிறார். இப்போது மூன்று மாதம். மறுபடியும் இஇஜி எடுக்க வரச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
— ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கட்டாயம் போய் வாருங்கள். முதலில் உங்கள் மாமியாரின் மனக்கலக்கம் தீரட்டும்: இஇஜி கருவி குழந்தையின் தலைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை, மூளை தானாகவே எழுப்பும் மிக நுண்ணிய மின் அலைகளைப் பதிவு செய்வது மட்டுமே அதன் வேலை. அதனால் வலியும் இல்லை.

கை இழுப்பது நின்றால் வலிப்பும் நின்றது என்று பெரியவர்களிடம்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சிளங்குழந்தையிடம் அது இன்னும் கடினம். அந்த வயதில் பெரும்பாலான வலிப்புகள் கை கால்களில் தெரிவதே இல்லை என்பதோடு, முதலில் கொடுக்கப்படும் ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து உடலின் அசைவை அடக்கிவிட்ட பிறகும், மூளைக்குள் மின் கொந்தளிப்பு ஓசையின்றித் தொடர்வதுண்டு. தூக்கத்தில் வரும் சாதாரணத் துள்ளலை வலிப்பென்று எண்ணி, வேண்டாத மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மருந்தைக் கூட்டுவதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. அதனால்தான், வலிப்பு பதிவானால், அது அடங்கி 24 மணி நேரமாவது கழியும்வரை இஇஜியைத் தொடர வேண்டும் என்பது வழிகாட்டு நெறியாக உள்ளது. உங்கள் மகனுக்கு அந்த இரண்டு நாளும் முறையான சிகிச்சையே நடந்திருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பிறந்தவுடன் வந்த வலிப்பு அடங்கினாலும், பக்கவாதம் வந்த குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரக்கூடும். இப்போது மறுபடியும் இஇஜி எடுக்கச் சொல்வது அதைக் கவனிக்கத்தான். குறிப்பாக முதல் ஆண்டில், தூங்கி எழும் வேளையில் தலையும் கைகளும் சட்டென்று மடங்கி விரிவது அடுத்தடுத்து வரிசையாக வந்தால், அதைச் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குறித்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இஇஜி சொல்லாத ஒன்றை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே இடது கையால் மட்டும் பொருளைப் பிடிப்பதும், வலது கையை எப்போதும் மூடியே வைத்திருப்பதும் இடக்கைப் பழக்கம் அல்ல. மூளையின் இடப்பக்கம்தான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்பதால், அது வலப்பக்க பலவீனத்தின் அடையாளம். இஇஜி நன்றாக இருக்கிறதென்று இதை விட்டுவிடாதீர்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் உண்டு.

பரிசோதனைக்கு முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவாமல் அழைத்துச் செல்லுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியிலேயே குழந்தை தூங்கித் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அங்கே பாலூட்டித் தூங்க வைத்தால், தூக்கத்தின் பதிவும் கிடைக்கும். மருந்து இன்னும் கொடுத்து வருகிறீர்கள் என்றால், அன்றும் வேளை தவறக் கூடாது.