திருகோணமலையில் இருந்துகொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் சீட்டை இணைய ஏலத்தில் விற்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: மிட்சுபிஷி லான்சர் இவோ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்து கழற்றப்போகும் ரெகாரோ நிறுவனத்தின் சீட் சோடி ஒன்று உப்புவெளியில் இருக்கிறது. ஈபேயில் ஏலம் போடலாமா, உள்ளூரிலேயே விற்கலாமா, எப்படி அனுப்புவது?

சோடியை நாட்டுக்குள்ளேயே ஏலம் விடுங்கள். சில்லறைப் பாகங்களை மட்டும் ஈபேயில் போடுங்கள்.

பெட்டியின் அளவுதான் இதற்குக் காரணம். முதுகை முன்னுக்கு மடித்துக் கட்டினாலும் ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ 100 × 60 × 60 செ.மீ. பெட்டி வேண்டும். வெளிநாட்டுக் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். இந்தப் பெட்டிக்கு அது 72 கிலோ. தராசில் அதன் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சோடிக்கு 144 கிலோவுக்கு விமானக் கட்டணம் கட்டினால் சீட்டின் விலையே அதில் போய்விடும். கப்பலில் அனுப்பினால் இரண்டும் சேர்ந்து 0.72 கன மீட்டர்தான், ஆனால் பங்குக் கொள்கலனில் (பலரின் சரக்கு சேர்ந்து போவது) ஏற்றுபவர்கள் பலர் குறைந்தது 1 கன மீட்டருக்குக் கணக்குப் போடுவார்கள். நமது துறைமுகம் எவ்வளவு ஆழமானது என்றாலும் கொள்கலன் வேலை கொழும்பில்தான். அதுவரை கொண்டுபோகும் லொறிச் செலவும் உங்கள் தலையில்தான்.

ஈபேக்குப் பொருத்தமானவை சிறிய சாமான்கள்: முதுகு சாய்க்கும் குமிழ், பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடி, ரேஸ் பெல்ட் நுழையும் தோள் துளைகளின் வளையம், தலையணை. இவை உடைந்தால் தனியாகக் கிடைப்பது அரிது, அதனால் வாங்குபவர்கள் தேடி வருவார்கள். உள்ளே பாக எண் தெரியும்படி படம் போட்டால் போதும். விலைக்கு, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். விற்காமல் கிடக்கும் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை யாருடைய ஆசையோ. ஒரு பாகத்தைத் தனியாக விற்கும் முன் யோசியுங்கள். குமிழ் போன சோடியின் விலை, குமிழ் தரும் காசைவிட அதிகமாக இறங்கும்.

இனி கழற்றும் வேலை. மின்சாரத்தில் நகரும் சீட் என்றால் பற்றரியைக் கழற்றுவதற்கு முன்னமே சீட்டை முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ட்டுகளையும், பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு நடுவில் நிறுத்துங்கள். பற்றரியை முதலில் கழற்றிவிட்டுப் பிறகு சீட் நகராமல் திண்டாடுவது கராஜ்களில் வழக்கமாக நடப்பது. ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 14 மி.மீ. சொக்கெட், ஜெர்மன் கார்களில் பெரும்பாலும் டோர்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை). அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் சீட்டிலோ பெல்ட் கொக்கியிலோ வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தம். பற்றரியின் மைனஸைக் கழற்றி 10 நிமிடம் விட்டுத்தான் அதைத் தொட வேண்டும். கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும், பிறகு பெரும்பாலும் ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்கவேண்டி வரும். ஏர்பேக் உள்ள சீட்டை அனுப்புவதும் எளிதல்ல. அது யூஎன் 3268 என்ற ஆபத்துப் பொருள் வகையில் வருகிறது, அறிவிக்காமல் கூரியரில் போடக்கூடாது. பழைய இவோ போன்ற கார்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, இருந்தும் அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கழற்றிய கையோடு செய்யவேண்டியது ஒன்று: சீட் முன்னும் பின்னும் நகரும் இடது வலது தண்டவாளங்கள் இரண்டும் ஒரே பல்லில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, பூட்டைத் திறக்கும் நெம்பைக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் ஒரு பல் நகர்ந்தாலே போல்ட் துளைகள் பொருந்தாது. வாங்கியவர் “பிரேம் வளைந்திருக்கிறது” என்று திருப்பி அனுப்புவார். சண்டையில் முடியும் விற்பனைகளில் கணிசமானவை இந்த ஒரு பல்லால் வருபவை. போல்ட்டுகளைப் பையில் போட்டு பிரேமிலேயே ஒட்டிவிடுங்கள்.

தண்டவாளத்தோடு விற்பதா, தனியாகவா? எப்போதும் சேர்த்தே. அந்த மொடலுக்கென்று வந்த தண்டவாளம் இல்லாவிட்டால் வாங்குபவர் வெல்டிங் கடைக்குப் போகவேண்டும், அதை நினைத்தே விலையைக் குறைத்துக் கேட்பார். நம் ஊரில் கடற்காற்று முதலில் பிடிப்பதும் தண்டவாளத்தைத்தான். மேல் துருவைக் கம்பிப் பிரஷால் எடுத்துக் கிரீஸ் போடலாம். பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். புதுக் கறுப்புப் பெயின்டைக் கண்டால் அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

துணியைக் கழுவுவதென்றால் கச்சான் காலத்தில் கழுவுங்கள். ஸ்பொஞ்ச் வரைக்கும் நனைந்த சீட் வாடைக்காலத்தில் காயவே காயாது, பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். காய வைப்பதும் நிழலில், காற்றோட்டத்தில். சிவப்புத் துணியை வெயிலில் விட்டால் வெளுத்துப்போகும். கிழிந்த பக்கத் திண்டைக் குஷன் வேலைக் கடையில் கொடுத்து ரெக்சீன் போடுவது வீண் செலவு. இந்த வகைச் சீட் தேடுபவருக்கு அசல் துணி, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், புது ரெக்சீனைவிட மேல்.

படங்களில் மறைக்கக்கூடாத இடம், சாரதி சீட்டின் வலப்பக்கத் திண்டு. ஏறி இறங்கும்போது உடம்பு உரசுவது அங்கேதான், அதனால் துணியும் உள்ளே ஸ்பொஞ்சும் முதலில் போவதும் அங்கே. அதை நெருக்கமாக, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அடிப்பக்க லேபிள், தண்டவாளத்தின் இரு முனைகள், பெல்ட் கொக்கி, போல்ட் துளைகளுக்கு இடையே அளவு நாடா வைத்த படம் ஆகியவையும் வேண்டும். இந்தக் கடைசிப் படம் இருந்தால் “என் சிவிக்குக்குப் பொருந்துமா?” என்ற கேள்விகள் பாதியாகக் குறையும். முழு பக்கெட் சீட் (முதுகு சாயாத, ஒரே ஓடாக வரும் ரேஸ் சீட்) என்றால் துணியை விலக்கிப் பக்கத் துளைகளைச் சுற்றியும் தோள் துளைகளின் ஓரத்திலும் ஃபைபரில் வெடிப்பு இருக்கிறதா என்று காட்டுங்கள். அதில் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 லேபிள் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். தயாரித்ததிலிருந்து 5 வருடம்தான் அது செல்லும், தயாரிப்பாளரே நீட்டிப்பு லேபிள் ஒட்டியிருந்தால் மட்டும் இன்னும் 2 வருடம். முடிந்துபோன லேபிளைக் காட்டி ‘ரேஸுக்கு ஏற்றது’ என்று எழுதுவது பொய். பிரைட் (Bride) என்ற ஜப்பான் சீட் நிறுவனத்தின் பெயரில் போலிகள் நிறையச் சுற்றுவதால், அது உங்களிடம் இருந்தால் இலக்கத் தகட்டின் படத்தைக் கேட்கும்முன்னரே போட்டுவிடுங்கள்.

ஏலம் எங்கே? இக்மன், ரியாசெவன இரண்டும் விளம்பரத் தளங்கள், ஏலத் தளங்கள் அல்ல. உள்நாட்டில் ஏலம் நடப்பது பெரும்பாலும் பேஸ்புக் கார்க் குழுக்களின் கருத்துப் பகுதியில். ஈபேயில் ஒருவர் தன் உச்ச விலையை ரகசியமாகக் கொடுத்துவைக்க, தளமே அவருக்காகப் படிப்படியாக ஏற்றும். ஒருவரின் உச்சம் 600 டொலர், அடுத்தவரின் உச்சம் 410 என்றால் பொருள் 415க்குப் போகும். பேஸ்புக்கில் அந்த வசதி இல்லை. மீன்வாடி ஏலம் போலத்தான், வாய்விட்டுக் கேட்டது மட்டுமே கணக்கு. அதனால் விதிகளை நீங்களே பதிவில் எழுதவேண்டும்: தொடக்க விலை, குறைந்த ஏற்றம் (2,500 ரூபா போல), முடியும் நாளும் நேரமும், கடைசி 5 நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் 5 நிமிடம் நீளும், திருத்திய கருத்து செல்லாது. கருத்துகளை ‘அனைத்தும்’ என்று மாற்றிப் பார்க்கச் சொல்லியும் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் பேஸ்புக் தானே தேர்ந்த சிலவற்றைத்தான் காட்டும், பின்னால் கேட்டவர் முன்னால் கேட்டவரைக் காணமாட்டார்.

தொடக்க விலையை அடிமட்டத்தில் வைத்தால் கூட்டம் சேரும் என்பது பெரிய சந்தைக்குச் சரி. இங்கே இந்தச் சீட்டைத் தேடுபவர்கள் சிலர்தான், அன்றிரவு அவர்களில் ஒருவர் மட்டும் விழித்திருந்தால் அவருக்குச் சும்மா கிடைத்தமாதிரி. எந்த விலைக்குக் கொடுக்க மனம் ஒப்புமோ அதில் தொடங்குங்கள். நண்பரை வைத்து விலை ஏற்றாதீர்கள். குழு சிறியது, பெயர்கள் தெரியும்.

வென்றவருக்கு வட்ஸ்அப் வீடியோவில் சீட் நகர்வதையும் சாய்வதையும் காட்டிவிட்டு முற்பணம் வாங்குங்கள். பரிமாற்றச் சீட்டின் படத்தை நம்பாதீர்கள், அதைச் செய்துகொள்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தபின் பொதி கட்டத் தொடங்குங்கள்.

பொதி: முதலில் பருத்தித் துணி, அதன் மேல் ஸ்ட்ரெச் பிளாஸ்டிக். தோலிலோ அல்கன்டராவிலோ (மென்தோல் போன்ற செயற்கைத் துணி) பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். தண்டவாள முனைகளுக்குப் பழைய டயர் ரியூப் துண்டுகளைக் கட்டுங்கள், வெறுமனே விட்டால் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பெரிய பெட்டிக்கு மின்சாதனக் கடைகளில் வோஷிங் மெஷின் பெட்டி கேட்டு வாங்கலாம். கொழும்புக்கு ரயில் பார்சல், இரவு பஸ், வெறுமையாகத் திரும்பும் லொறி என்று மூன்று வழி உண்டு. சோடிக்கு லொறிதான் நல்லது, ஏறினால் இறங்கும்வரை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். பஸ்ஸில் போட்டால் வழியில் ஏறும் மற்றச் சாமான்கள் அதன்மேல் அடுக்கப்படும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, அனுப்பிய ரசீதோடு வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.