தொமார், கொமேர், விவீர்: ஸ்பானிஷ் வினைகள் பற்றிச் சில கேள்விகள்

ஸ்பானிஷ் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வினைச்சொற்களைப் பற்றியவை. ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற முடிவால் மூன்று வகை. வகைக்கு ஒன்றாக மூன்று ஒழுங்கான வினைகளை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்: தொமார் (எடு, குடி), கொமேர் (சாப்பிடு), விவீர் (வாழ்). அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தத்தைக் காட்ட நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரே வினைக்கு நூற்றுக்கும் மேல் வடிவங்கள் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதலில் அந்தப் பட்டியலைக் குறையுங்கள். சரிபாதி கூட்டு வடிவங்கள். 'அபேர்' என்ற துணைவினையோடு 'தொமாதொ' ('குடித்த' என்பது போன்ற எச்ச வடிவம்) சேர்ந்து வருபவை. அபேர் தெரிந்தால் அந்தப் பாதி முடிந்தது. மீதியில் 'வொஸோத்ரொஸ்' வரிசை ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு 'உஸ்தேதெஸ்'தான். ஆசை, சந்தேகம் போன்றவற்றுக்கு வரும் வடிவம் சப்ஜங்க்டிவ் (பின்னால் பார்ப்போம்). அதன் எதிர்கால வடிவம் சட்டப் புத்தகங்களிலும் பழமொழிகளிலும் மட்டுமே உயிரோடு இருக்கிறது. இறந்தகால சப்ஜங்க்டிவுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதால் ஒன்றைப் பேசி, மற்றதைப் படிக்கும்போது அடையாளம் கண்டால் போதும். ஏவலைத் தனியே வைத்தால், மிஞ்சுவது 7 காலங்கள், ஒவ்வொன்றிலும் 5 வடிவங்கள். அதிலும் நான்கு காலங்களில் 'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் ஒன்றே.

அந்த 35-ஐயும் மொத்தமாக விழுங்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள். 'குடித்தேன்' என்பதைக் குடி, த்த், ஏன் என்று பிரிக்கிறோம் இல்லையா? 'தொமாபமொஸ்' (குடித்துக்கொண்டிருந்தோம்) என்பதும் அதே போல்தான்: தொம் என்பது வேர், 'ஆ' அது எந்த வகை வினை என்று காட்டும் உயிர், 'ப' காலம், 'மொஸ்' என்றால் நாம். கடைசியில் 'ஸ்' வந்தால் நீ, 'மொஸ்' வந்தால் நாம், 'ன்' வந்தால் அவர்கள் அல்லது நீங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நான் அல்லது அவர். இதை மீறும் இடங்கள் மூன்றுதான்: நிகழ்காலத்தில் 'நான்' வடிவம் (தோமொ), எதிர்காலத்தில் 'நான்' வடிவம் (தொமரே), அப்புறம் ப்ரிட்டரிட் எனப்படும் முடிந்த இறந்தகாலம். இந்தக் கடைசி ஆள் மட்டும் தனி ராஜ்யம்: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாரொன். அதை உட்கார்ந்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

'யோ' (நான்), 'தூ' (நீ), 'எல்' (அவன்) எல்லாவற்றையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டுமா? ஆங்கிலம் மாதிரி?

வேண்டாம். 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தெரிகிறது. 'தோமொ கஃபே' (காபி குடிக்கிறேன்) என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் 'யோ' போட்டுப் பேசினால் "நான்தான், நான்தான்" என்று மார்தட்டுகிற தொனி வந்துவிடும். ஆங்கில வழியாக ஸ்பானிஷ் படிப்பதால் நம்மவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது. 'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் ஒன்றாக இருக்கிற காலங்களில் குழப்பம் வந்தால் மட்டும் சேருங்கள். ஒரு சலுகையும் உண்டு: குடிக்கிறான், குடிக்கிறாள், குடிக்கிறது மூன்றுக்கும் 'தோம' ஒன்றே. வினையில் பால் வேறுபாடு இல்லை.

கொமேர் வகைக்கும் விவீர் வகைக்கும் என்ன வேறுபாடு? ஒரே மாதிரி தெரிகிறதே.

கிட்டத்தட்ட ஒன்றுதான். நிகழ்காலத்தில் 'நாம்' வடிவம் வேறு: கொமேமொஸ், விவீமொஸ். வொஸோத்ரொஸ் வடிவங்களும் அப்படியே பிரிகின்றன. மூல வடிவம் வேறு என்பதால் அதன்மேல் கட்டப்படும் எதிர்காலமும் கண்டிஷனலும் ('குடிப்பேனே, ஆனால்...' என்ற வடிவம்) வேறு. மற்றதெல்லாம் பொது.

ப்ரிட்டரிட், இம்பர்ஃபெக்ட் இரண்டுமே இறந்தகாலம். எப்போது எது? "நீண்ட செயலுக்கு இம்பர்ஃபெக்ட்" என்று வகுப்பில் சொன்னார்கள். தேர்வில் அது தவறாகிவிட்டது.

அந்த விதியை விட்டுவிடுங்கள். 'விவீ என் மத்ரீத் தியேஸ் ஆஞொஸ்' என்றால் மாட்ரிட்டில் பத்து வருடம் வாழ்ந்தேன் என்று பொருள். பத்து வருடம் சின்னக் காலமா? ஆனாலும் ப்ரிட்டரிட்தான். தொடக்கமும் முடிவும் கட்டி, ஒரு மூட்டையாக எடுத்து வைக்கிறீர்கள் என்பதுதான் காரணம். நேரத்தின் நீளம் இங்கே பொருட்டே இல்லை.

தமிழில் யோசித்தால் சுலபம். "சின்ன வயதில் தினமும் பால் குடிப்பேன்" என்று சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். இப்படி 'குடிப்பேன்' என்று வாயில் வருகிற இடமெல்லாம் 'தொமாப' போடுங்கள். 'குடித்துக்கொண்டிருந்தேன்' வருகிற இடத்துக்கும் அதே 'தொமாப'. வெறும் 'குடித்தேன்' என்று வந்தால் பெரும்பாலும் 'தொமே'.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது வேலை இன்னும் தெளிவாகத் தெரியும்: 'தொமாப கஃபே குவாந்தொ யெகோ எல் த்ரேன்'. காபி குடித்துக்கொண்டிருந்தேன், ரயில் வந்தது. பின்னணி தொமாப, நடுவில் வந்து விழுந்த நிகழ்ச்சி யெகோ. கதை சொல்லும்போது இம்பர்ஃபெக்டில் எத்தனை வாக்கியம் போட்டாலும் கதை நகராது, காட்சிதான் விரியும். ப்ரிட்டரிட் வந்தால்தான் அடுத்த கட்டம்.

கொமேர், விவீர் வகைகளில் இம்பர்ஃபெக்டின் அடையாளம் 'ஈய': கொமீய, விவீய. இம்பர்ஃபெக்டில் ஒழுங்கு மீறுபவை மொத்தமே மூன்று வினைகள்தான் (ஸேர் 'இரு', ஈர் 'போ', வேர் 'பார்'). இவ்வளவு ஒழுங்கான காலம் கிடைத்தும் மாணவர்கள் அதைக் கண்டு பயப்படுவது எனக்குப் புரியவில்லை.

'ஓய் ஏ தொமாதொ கஃபே' என்று பாடநூலில் இருக்கிறது. என் மெக்ஸிகோ நண்பர் 'ஓய் தொமே கஃபே' என்கிறார். யார் சரி?

இருவரும். "இன்று காபி குடித்தேன்" என்பதற்கு ஸ்பெயினின் பெரும்பகுதியில், நாள் இன்னும் முடியவில்லை என்பதால், 'ஏ தொமாதொ'. மெக்ஸிகோவிலும் லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'தொமே' போதும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியாக்காரர்களும் கனாரித் தீவுக்காரர்களும் 'தொமே' பக்கம்தான். உங்கள் பாடநூல் மாட்ரிட்டில் அச்சானதாக இருக்கும். யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்கள் வழியில் போங்கள்.

எதிர்காலத்துக்குத் 'தொமரே' என்று படித்தேன். யாருமே அப்படிப் பேசக் கேட்டதில்லை.

பேச்சில் 'வொய் அ தொமார்' (குடிக்கப் போகிறேன்) அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்காகத் 'தொமரே'யை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கு இன்னொரு வேலை உண்டு: ஊகம். 'ஸெரான் லஸ் த்ரேஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் "மணி மூன்றாக இருக்கும்". கடிகாரம் பார்க்காமல் சொல்லும்போது நாமும் எதிர்காலத்தில்தானே சொல்கிறோம்! 'எஸ்தரா தொமாந்தொ கஃபே' என்றால் "இப்போது காபி குடித்துக்கொண்டிருப்பார்". ஆங்கில வழியாகப் படிப்பவர்களுக்கு இது தனிப் பாடம், நமக்குப் பாடமே இல்லை.

இதன் பிறப்பும் சுவையானது. தொமார் என்ற முழு வினையோடு அபேரின் நிகழ்காலத்தை (ஏ, அஸ், அ, ஏமொஸ், அன்) ஒட்டினால் எதிர்காலம்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரான். லத்தீனில் 'செய்ய இருக்கிறேன்' என்ற பொருளில் தனித்தனியாக நின்ற இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டன. அதனால்தான் மூன்று வகை வினைகளுக்கும் ஒரே விகுதிகள். அதே முழு வினையோடு 'ஈய' ஒட்டினால் கண்டிஷனல்: தொமரீய, "குடிப்பேனே, ஆனால்..." என்ற பொருள்.

சப்ஜங்க்டிவ் என்றால் என்ன? தமிழில் அது இல்லையே, எப்படிப் புரிந்துகொள்வது?

முழுதாக இல்லை, ஆனால் ஒரு துண்டு இருக்கிறது. ஊர்வலங்களிலும் சுவர்களிலும் பார்க்கும் 'விவா' என்ற கோஷம் விவீர் வினையின் சப்ஜங்க்டிவ்தான். அதன் தமிழ் 'வாழ்க'. நம் வியங்கோள் வினை. வாழ்க, வருக, ஒழிக, வரட்டும், இருக்கட்டும் என்பவற்றில் நடந்த செய்தி எதுவும் இல்லை, விருப்பம்தான் இருக்கிறது. ஸ்பானிஷ் அந்தப் பிடியை இன்னும் அகலமாக்கி ஆசை, சந்தேகம், வருத்தம், இன்னும் நடக்காதது எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டது.

வடிவம் செய்வது எளிது: உயிர் இடம் மாறும். தொமார் வகை 'எ' எடுக்கும் (தோமெ, தோமெஸ், தொமேமொஸ், தோமென்). மற்ற இரண்டும் 'அ' எடுக்கும் (கோம, வீவ). பயன்படுத்துவதுதான் கடினம்.

'க்ரேயொ கெ தோம கஃபே': காபி குடிக்கிறார் என்று நினைக்கிறேன். 'நோ க்ரேயொ கெ தோமெ கஃபே': குடிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. முதலாவதில் செய்தியைச் சொல்கிறீர்கள், இரண்டாவதில் அதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறீர்கள். 'கியேரொ கெ தோமெஸ்' (நீ குடிக்க வேண்டும் என்பது என் விருப்பம்) என்பதில் நீ குடிக்கப்போவது உறுதியில்லை. அரபியிலிருந்து வந்த 'ஒஹலா' ('அப்படி நடக்கட்டுமே') என்ற சொல்லுக்குப் பின் எப்போதும் சப்ஜங்க்டிவ்தான்.

பலர் வழுக்குவது 'குவாந்தொ'வில் ('போது'). 'குவாந்தொ கோமொ, தோமொ ஆகுவ': சாப்பிடும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறேன், இது வழக்கம். 'குவாந்தொ கோமஸ், தோம ஆகுவ': நீ சாப்பிடும்போது தண்ணீர் குடி. அந்தச் சாப்பாடு இன்னும் வரவில்லை, அதனால் கோமஸ். தமிழில் இரண்டும் 'சாப்பிடும்போது' என்பதால் நமக்கு இங்கே கை கொடுக்க ஒன்றும் இல்லை. காதுக்குப் பழகும்வரை யோசித்துத்தான் போட வேண்டும்.

"மாட்ரிட்டில் வாழ்ந்தால் மெட்ரோவில் போவேன்" என்பதற்கு என்ன சொல்வது?

வாழவில்லை, கற்பனைதான் என்றால்: 'ஸி விவ்யேர என் மத்ரீத், தொமரீய எல் மேத்ரொ'. 'ஸி' (நம் 'வாழ்ந்தால்' என்பதில் வரும் 'ஆல்') பக்கம் இறந்தகால சப்ஜங்க்டிவ், மறுபக்கம் கண்டிஷனல். அதைச் செய்யக் குறுக்குவழி ப்ரிட்டரிட்டின் 'அவர்கள்' வடிவம்: தொமாரொன், கொம்யேரொன், விவ்யேரொன். கடைசி 'ரொன்' போய் 'ர' வரட்டும்: தொமார, கொம்யேர, விவ்யேர. ஒழுங்கு மீறும் வினைகளுக்கும் இதே வழி செல்லும். 'ர'வுக்குப் பதில் 'ஸெ' போட்டாலும் (தொமாஸெ) சரியே, ஆனால் பேச்சில் 'ர'வே மிகுதி. வாழ்ந்திருந்தால் போயிருப்பேன் என்றால் 'ஸி உப்யேர விவீதொ, அப்ரீய தொமாதொ'. நிகழ்கால சப்ஜங்க்டிவ் மட்டும் இந்த 'ஸி'க்குப் பின் வரவே வராது.

எழுத்தின் மேல் போடும் சிறு கோட்டை வாட்ஸ்ஆப்பில் விட்டால் என்ன?

நண்பர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்களே பலர் போடுவதில்லை. தேர்வில் விடாதீர்கள். தோமொ 'நான் குடிக்கிறேன்', தொமோ 'அவர் குடித்தார்'. தோமெ சப்ஜங்க்டிவ், தொமே 'நான் குடித்தேன்'. தொமார சப்ஜங்க்டிவ், தொமரா எதிர்காலம். அந்தக் கோடு காலத்தையே மாற்றுகிறது.

இதோடு வந்த இன்னொரு கேள்வி: 'புஸ்கார்' (தேடு) ப்ரிட்டரிட்டின் 'நான்' வடிவத்தில் 'சி' எழுத்து 'கியூ, யு' ஆகிறதே, அது ஒழுங்கற்ற வினையா? இல்லை. 'சி' இருந்தால் 'ஸெ' என்று ஒலித்துவிடும் என்பதால் எழுத்து மட்டும் மாறுகிறது. தமிழில் எழுதிப் பாருங்கள்: புஸ்கார், புஸ்கே. ஒரு மாற்றமும் இல்லை.

'குடி', 'குடிக்காதே' எப்படி?

'தோம', 'நோ தோமெஸ்'. எதிர்மறை ஏவலுக்கு எப்போதும் சப்ஜங்க்டிவ். மரியாதையாக 'தோமெ', 'நோ தோமெ'. மரியாதையாக ஒருவரை அழைக்கும் 'உஸ்தேத்' (நீங்கள்) என்பது பழைய 'தங்கள் அருள்' என்கிற மாதிரியான விளியிலிருந்து வந்தது. அதனால்தான் எதிரில் இருப்பவரிடமே 'அவர்' வடிவத்தில் பேசுகிறோம்.

அர்ஜென்டினாக்காரர்கள் 'வொஸ் தொமாஸ்' என்கிறார்கள். தவறா?

தவறில்லை. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளில் 'தூ'வுக்குப் பதில் 'வொஸ்': தொமாஸ், கொமேஸ், விவீஸ். ஏவலில் தொமா, கொமே, விவீ.

வேலைக்காக மெக்ஸிகோ போகிறேன். பஸ் பிடிப்பதற்கு 'கொஹேர்' என்று படித்திருக்கிறேன். சரிதானே?

ஸ்பெயினில் சரி. மெக்ஸிகோவில் அது கெட்ட வார்த்தை, சிரித்துவிடுவார்கள். 'தொமார் எல் கமியோன்' என்று சொல்லுங்கள், மெக்ஸிகோவில் பஸ்ஸுக்கு அந்தப் பெயரும் உண்டு. அப்புறம், புது நண்பர் யாராவது வெறுமனே "தோமஸ்?" என்று கேட்டால் அவர் காபியைக் கேட்கவில்லை. நம் ஊரில் "குடிப்பீங்களா?" என்று கேட்பது போலத்தான். பழக்கமில்லையென்றால் 'நோ தோமொ' போதும்.